கன்ட்ரி இசையின் 'முதல்' கறுப்பினப் பெண் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பாடகி பியான்சே பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2025 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் அவருடைய 'கவ்பாய் கார்ட்டர்' ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பாகவும் சிறந்த கன்ட்ரி தொகுப்பாகவும் தேர்வானதைக் கட்டுரையாளர் உற்சாகத்தோடு விவரித்திருந்தார். கன்ட்ரி தொகுப்புக்கான கிராமியைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான் என்று எழுதியதும் சரியே. ஆனால் அடுத்த வரியிலேயே, 'வெள்ளையர்களின் நாட்டுப்புறப் பாடலுக்குள் காலடி வைத்த முதல் கறுப்பினப் பெண்' என்று அவரைக் குறிப்பிட்டிருந்தார். எழுத்து வேகத்தில் வந்து விழுந்த வரியாக இருக்கலாம். ஆயினும் அந்த ஒரு வரி, தென் கரோலினாவின் ஒரு சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்த லிண்டா மார்ட்டெல் என்ற பாடகியை வரலாற்றிலிருந்து மறுபடியும் வெளியேற்றிவிடுகிறது. இப்படி அவர் வெளியேற்றப்படுவது இது முதல் முறையும் அல்ல என்பதால், சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் 'நாட்டுப்புறப் பாடல்' என்ற மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்புறப் பாடல் என்றால் நமக்கு வயலிலும் களத்திலும் பாடியவர் பெயர் தெரியாமல் வாய்வழியே வந்த பாட்டு. அமெரிக்காவில் கன்ட்ரி என்று சொல்லப்படுவது, வேர்கள் அத்தகைய பாட்டுகளில்தான் என்றாலும், நூறாண்டுகளாக இசைத்தட்டு நிறுவனங்கள் தயாரித்து விற்றுவரும் ஒரு வணிகப் பிரிவு. 1920களில் அந்த நிறுவனங்கள் தென்மாநிலங்களுக்குப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது, கறுப்பினத்தவர் பாடியவற்றை 'ரேஸ்' தட்டுகள் என்றும், வெள்ளையர் பாடியவற்றை 'ஹில்பில்லி' தட்டுகள் என்றும் இரண்டு பட்டியல்களாகப் பிரித்து விற்றன. ஒரே ஊரில் ஒரே மெட்டை இருவரும் வாசித்தாலும் தட்டு போய்ச் சேர்ந்த அலமாரி வேறு. 1949இல் 'பில்போர்டு' இதழ் அந்தப் பட்டியல்களுக்கு முறையே 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்றும் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்றும் நாகரிகமான பெயர்களைச் சூட்டியது. அலமாரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இந்த இசையின் அடையாளமாகக் கருதப்படும் பேஞ்சோ, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழியே அமெரிக்கா வந்த வாத்தியம். கன்ட்ரியின் பெரும் பாடகரான ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். ஆகவே 'வெள்ளையர்களின்' என்ற அடைமொழியும் பொருந்தாது. அந்த அடைமொழியை விற்பனைக்காக ஒட்டியவர்கள் இசைத்தட்டு வணிகர்கள்.

இனி 'முதல்' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பழைய இசைத்தட்டுகள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. மகள் குடும்பம் தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் இருப்பதால் இரண்டு முறை அங்கே போய்த் தங்கினேன். இரண்டாவது முறை, மருமகனைத் தொந்தரவு செய்து, முக்கால் மணி நேரப் பயணத்தில் உள்ள பேட்ஸ்பர்க்-லீஸ்வில் என்ற ஊருக்கு அழைத்துச் செல்லச் சொன்னேன். ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்த இரண்டு சிற்றூர்கள் 1990களில் இணைந்து ஒரே ஊரானவை. கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்ற பகுதி. ஆண்டுதோறும் கோழித் திருவிழாவே நடத்துகிறார்கள். அந்த லீஸ்வில்லில்தான் 1941 ஜூன் 4 அன்று தெல்மா பைனம் பிறந்தார். தந்தை பிறர் நிலத்தில் விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்குப் பயிரிட்ட விவசாயி. தாய் கோழி இறைச்சிக் கூடத்தில் வேலை செய்தவர். தேவாலயத்தில் பாடிப் பழகிய அந்தப் பெண், வீட்டில் தந்தை விரும்பிக் கேட்ட கன்ட்ரி பாட்டுகளையும் கேட்டு வளர்ந்தார். பின்னாளில் உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர், மேடைக்கு இந்தப் பெயர் எடுபடாது என்று சொல்லி வைத்த பெயர்தான் லிண்டா மார்ட்டெல்.

அந்த ஊரில் பாடகியின் சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டது வேறொன்று. 1946 பிப்ரவரியில், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிவிட்டு அன்றுதான் விடுவிக்கப்பட்டு, ராணுவச் சீருடையோடு பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஐசக் வுடர்டு என்ற கறுப்பின வீரரை, பேட்ஸ்பர்க் காவல் தலைவர் தடியால் அடித்து இரு கண்களையும் குருடாக்கினார். கழிப்பறைக்குப் போக வண்டியை நிறுத்தச் சொன்னதில் ஓட்டுநரோடு ஏற்பட்ட வாக்குவாதமே காரணம். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அரை மணி நேரத்துக்குள் அந்த அதிகாரியை விடுதலை செய்தது. இதைச் சொல்லும் நினைவுப் பலகை 2019இல்தான் அங்கே நிறுவப்பட்டது. அதன் அடிப்பகுதியில் பிரெயில் புள்ளிகள் இருக்கின்றன. குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். சம்பவம் நடந்தபோது பக்கத்து ஊரில் தெல்மாவுக்கு நாலு வயது.

இசைக் கடிதத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். வுடர்டுக்கு நேர்ந்ததைக் கேட்டுக் கொதித்தவர்களில் அன்றைய அதிபர் ட்ரூமனும் ஒருவர். 1948இல் ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை நீக்கி அவர் ஆணையிட்டதற்கு இச்சம்பவமும் ஒரு தூண்டுதல் என்பது வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. அந்த ஆணையின் பயனாகக் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் பணியாற்றிய சார்ல்ஸ்டன் விமானப்படைத் தளத்தில்தான், 1960களின் இறுதியில், லிண்டா மார்ட்டெல் மேடையேறினார். அதற்கு முன் 1960களின் தொடக்கத்திலேயே உறவுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' தட்டுகள் வெளியிட்டுப் பார்த்திருந்தார், அவை எடுபடவில்லை. விமானத் தளத்தில் வீரர்கள் கேட்டுக்கொண்டதால் சில கன்ட்ரி பாட்டுகளைப் பாட, அது கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில்லில் மரச்சாமான் வியாபாரம் செய்த ட்யூக் ரெய்னர் என்பவர் காதுக்கு எட்டியது. அவர்தான் இவரை நாஷ்வில்லுக்கு அழைத்துப்போய்த் தயாரிப்பாளர் ஷெல்பி சிங்கிள்டனிடம் அறிமுகப்படுத்தினார்.

சிங்கிள்டன் கெட்டிக்கார வியாபாரி. 1968இல்தான் ஜீனி சி. ரைலி என்ற வெள்ளையினப் பாடகியின் ஒரே பாட்டை நாடு முழுக்க முழங்க வைத்திருந்தார். கறுப்பினக் கலைஞர்களின் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' தட்டுகளுக்கு ஒரு பெயர், கன்ட்ரி தட்டுகளுக்கு வேறொரு பெயர் என்று இரண்டு முத்திரைகளை வைத்திருந்தார். கன்ட்ரி முத்திரையின் பெயர் 'பிளான்டேஷன்'. அடிமைகள் பருத்தி பறித்த பண்ணைத் தோட்டத்துக்கு அந்த நாட்டில் வழங்கும் பெயர் அது. வாரக் குடியானவரின் மகளான ஒரு கறுப்பினப் பெண்ணின் தட்டு, நடுவில் அந்தச் சொல் அச்சிடப்பட்டு வெளிவந்தது. அந்தப் பெயர் தனக்கு உறுத்தியதையும், அதைத் தயாரிப்பாளரிடமே சொன்னதையும் மார்ட்டெல் பிற்காலப் பேட்டிகளில் மறைக்கவில்லை.

அவர் பதிவு செய்த முதல் கன்ட்ரி பாட்டான 'கலர் ஹிம் ஃபாதர்' என் கருத்துக்கு நல்ல சான்று. போரில் தந்தையை இழந்த பிள்ளைகளை, தாயை மணந்துகொண்டு தன் பிள்ளைகளாகவே வளர்க்கும் மாற்றாந்தந்தையைப் பற்றிய பாட்டு அது. 1969 கோடையில் 'வின்ஸ்டன்ஸ்' என்ற குழு அதைப் பாடியபோது அது கறுப்பினத்தவரின் சோல் இசை என்று விற்றது. சில வாரங்கள் கழித்து மார்ட்டெல் அதே சொற்களை ஸ்டீல் கிட்டார் துணையோடு பாடியபோது கன்ட்ரி என்று விற்று, பில்போர்டின் கன்ட்ரி தரவரிசைப் பட்டியலில் 22ஆம் இடத்தை எட்டியது. பாட்டு ஒன்றுதான், அலமாரிதான் மாறியது. 1970இல் வெளிவந்த அவருடைய ஒரே கன்ட்ரி தொகுப்பான 'கலர் மீ கன்ட்ரி'யின் 11 பாட்டுகளும் ஒரே நாளில், சுமார் 12 மணி நேரத்தில் பதிவு செய்யப்பட்டவை. அந்த எல்.பி. தட்டைக் கொலம்பியாவின் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில், தூசு தட்டி, மகள் முகம் சுளிக்கும் விலை கொடுத்து வாங்கினேன். முதல் பக்கத்தின் முதல் பாட்டான 'பேட் கேஸ் ஆஃப் த ப்ளூஸ்' தொடங்கிய சிறிது நேரத்தில் அவர் இயல்பான குரலிலிருந்து கள்ளக்குரலுக்குத் தாவித் தாவி இறங்கும் 'யோடல்' செய்கிறார். கன்ட்ரி பாடகர்கள் தேர்ச்சிக்கு அளவுகோலாக வைத்திருக்கும் வித்தை அது. எதிர்வீட்டுக்காரருக்கு எதையோ நிரூபித்துக் காட்டும் பதற்றம் அதில் இல்லை. கிணற்றடியில் நின்று பாடுகிற சகஜம்தான் இருக்கிறது. இவருடைய குரலைக் கேட்டுவிட்டு 'கன்ட்ரிக்குள் காலடி வைத்தவர்' என்று எழுத யாருக்கும் கை வராது என்பது என் எண்ணம். அவர் காலடி வைக்க வரவில்லை, அங்கேயே இருந்தவர்.

1969 ஆகஸ்டில் அவர் நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையில் பாடினார். 1925இலிருந்து வாரந்தோறும் வானொலியில் ஒலிபரப்பாகிவரும் நிகழ்ச்சி அது. கன்ட்ரி பாடகர்களுக்கு அந்த மேடை மார்கழிக் கச்சேரி போல. அதில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். ஒரு முறையோடு நிற்கவில்லை. 12 முறை பாடினார். 1970இல் 'ஹீ ஹா' என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் தோன்றினார். ஆப்ரியின் கூட்டம் அவரைக் கைதட்டி வரவேற்றது. தென்மாநிலங்களின் ஊர் மேடைகள் அப்படி இல்லை. பாட்டின் நடுவே கூட்டத்திலிருந்து இனவசை கூவியவர்கள் இருந்தார்கள். வரப்போகிறவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் நிகழ்ச்சியை ரத்து செய்த அமைப்பாளர்களும் இருந்தார்கள். மேடையில் நிற்பவர் பதில் பேசக் கூடாது, பாட்டை நிறுத்தக் கூடாது, முகம் மாறக் கூடாது. இந்த மூன்றும் அவருடைய ஒப்பந்தத்தில் எழுதப்படாத விதிகளாகவே இருந்திருக்கும்.

அடுத்த பாட்டான 'பிஃபோர் த நெக்ஸ்ட் டியர்டிராப் ஃபால்ஸ்' 33ஆம் இடம் வரை ஏறியது.  (இதே பாட்டை மெக்ஸிகோ வம்சாவளியினரான ஃபிரெடி ஃபெண்டர் 1975இல் பாடி, கன்ட்ரி பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தார்.) அதற்கடுத்த பாட்டு 58ஆம் இடத்தோடு நின்றது. முதல் தொகுப்பிலேயே மூன்று பாட்டுகள் பட்டியலில் இடம்பெற்ற ஒரு புதுமுகத்துக்கு வழக்கமாக என்ன நடக்கும்? இரண்டாவது தொகுப்பு வரும். மார்ட்டெலுக்கு வரவில்லை. நிறுவனம் தன் கவனத்தையும் விளம்பரத்தையும் ஜீனி சி. ரைலியின் பக்கமே வைத்திருந்தது. இவர் வேறு நிறுவனத்துக்குப் போக முயன்றபோது வழக்குப் போடுவதாக மிரட்டி அந்த வழியும் அடைக்கப்பட்டது என்று அவரே கூறியிருக்கிறார். முப்பது வயதைத் தாண்டிச் சிறிது காலத்துக்குள் நாஷ்வில் அத்தியாயம் முடிந்துவிட்டது. பிறகு கலிபோர்னியாவில் கப்பலில் பாடினார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இசைத்தட்டுக் கடை வைத்தார். கடைசியில் லீஸ்வில்லுக்கே திரும்பிப் பள்ளிப் பேருந்து ஓட்டினார். கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளோடு பணியாற்றினார். அந்தப் பேருந்தில் ஏறி இறங்கிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் ரைமன் அரங்கில் 12 முறை பாடியவர் என்று தெரிந்திருக்கும் என்று நான் அந்த ஊர்ச் சாலையில் யோசித்துக்கொண்டே நின்றேன்.

இதே காலத்தில் சார்லி பிரைடு என்ற கறுப்பின ஆண் பாடகர் கன்ட்ரியில் 29 முறை முதலிடம் பிடித்ததைச் சிலர் எதிர்வாதமாகச் சொல்லக்கூடும். அவருடைய திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஆர்.சி.ஏ. என்ற பெருநிறுவனம் நின்றது. தொடக்கத் தட்டுகளை அவருடைய படமே இல்லாமல் வானொலி நிலையங்களுக்கு அனுப்பி, குரல் பழகிய பிறகே முகத்தைக் காட்டியது. அவ்வளவு முன்னேற்பாடு தேவைப்பட்ட வாசல் அது. மார்ட்டெலுக்கு அந்த முன்னேற்பாடும் இல்லை, பொறுமையும் காட்டப்படவில்லை.

கட்டுரையாளர் 'முதல்' என்று எழுதியது தவறு என்பதைவிட, அந்தச் சொல்லை அமெரிக்க ஊடகங்களே இந்தத் துறையில் எத்தனை முறை செலவழித்திருக்கின்றன என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது. 1969இல் மார்ட்டெல் முதல். 1974இல் பாயிண்டர் சகோதரிகள், ஆப்ரியில் பாடிய முதல் கறுப்பினப் பெண்கள் குழு; அடுத்த ஆண்டே கன்ட்ரி பிரிவில் கிராமி பெற்றார்கள். 1987இல் டோனா மேசன் என்பவர் பட்டியலின் கீழ்ப்பகுதியில் ஒருமுறை தலைகாட்டினார். அதற்குப் பிறகு இன்னொரு கறுப்பினப் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் வர 2007 ஆயிற்று. அவர் ரிஸ்ஸி பாமர். இருபது ஆண்டு இடைவெளி. மிக்கி கைட்டன் 2011இல் நாஷ்வில்லில் ஒப்பந்தமானார். அவருடைய முதல் முழுத்தொகுப்பு வெளிவந்தது 2021இல். கன்ட்ரி தனிப்பாடல் பிரிவில் கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் என்று அவரைக் கொண்டாடிய செய்திகளில், அந்தப் பத்தாண்டுகள் அவரை யார் காத்திருக்க வைத்தார்கள் என்ற கேள்வி அரைவரிக்கு மேல் போகவில்லை. ஒருவரை முதல் என்று மாலை போட்டு அனுப்பிவிட்டால், இரண்டாவது தட்டு ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா?

காத்திருக்க வைப்பது பெரும்பாலும் வானொலி. மற்ற இசைப் பிரிவுகளில் இணையம் வந்தபின் வானொலியின் பிடி தளர்ந்துவிட்டது. கன்ட்ரியில் இன்றும் அது ஓரளவு இறுக்கமாகவே இருக்கிறது. பெண்கள் பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் நேயர்கள் விலகிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அங்கே தொழில் விதியாகவே புழங்குகிறது. 2015இல் ஒரு வானொலி ஆலோசகர், ஆண் பாடகர்கள் சாலட்டின் கீரை, பெண்கள் இடையிடையே போடும் தக்காளி என்று வெளிப்படையாகச் சொல்லிப் பெரும் சர்ச்சையானது. வெள்ளையினப் பெண்களே தக்காளி என்றால் கறுப்பினப் பெண்களின் நிலையை விளக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் பியான்சேயின் 'டெக்ஸஸ் ஹோல்டம்' வெளியானபோது ஓக்லஹோமாவின் ஒரு கன்ட்ரி நிலையம், நாங்கள் பியான்சே போடுவதில்லை, இது கன்ட்ரி நிலையம் என்று நேயருக்குப் பதில் எழுதி, எதிர்ப்பு குவிந்த பிறகு ஒலிபரப்பியது. அந்தப் பாட்டு இணையக் கேட்பும் விற்பனையும் சேர்த்துக் கணக்கிடும் கன்ட்ரி பட்டியலில் பத்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. கன்ட்ரி வானொலி ஒலிபரப்பை மட்டும் கணக்கிடும் பட்டியலில் 33ஐத் தாண்டவில்லை. மார்ட்டெலின் இரண்டாவது பாட்டும் 33இல்தான் நின்றது. தற்செயல்தான் என்றாலும், எண்ணைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆண்டு நாஷ்வில்லின் கன்ட்ரி இசைச் சங்க விருதுகளுக்கு 'கவ்பாய் கார்ட்டர்' ஒரு பிரிவில்கூடப் பரிந்துரைக்கப்படவில்லை.

மார்ட்டெலை மறக்காதிருந்தவர்களும் உண்டு. 2014இல் ஒரு சுவீடன் தொலைக்காட்சிக் குழு அவரைத் தேடி வந்தது. ரிஸ்ஸி பாமர் 2020இல் தொடங்கிய வானொலி நிகழ்ச்சிக்கு மார்ட்டெலின் தொகுப்புப் பெயரையே வைத்தார். 2021இல் கன்ட்ரி இசைக்கான சி.எம்.டி. தொலைக்காட்சி தன் சமவாய்ப்பு விருதை அவருக்கு வழங்கியது. பியான்சேயும், கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் செய்திருக்கிறார். தன் தொகுப்பின் இரண்டு இடங்களில் மார்ட்டெலைப் பேச வைத்திருக்கிறார். இசையைப் பிரிவு பிரிவாகப் பகுப்பது எவ்வளவு விசித்திரமான காரியம் என்று அந்த முதிய குரல் இழைந்து கேட்பதை, வரலாறு தெரியாதவர்கள் ஏதோ அறிமுக உரை என்று எண்ணித் தாண்டிவிடக்கூடும். அதன் பயனாக மார்ட்டெல் 83ஆம் வயதில் முதன்முறையாகக் கிராமிக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதுவும் ராப் இசைக்கான ஒரு பிரிவில். 1969இல் கன்ட்ரி பாடிய குரலுக்கு 2024இல் கிடைத்த அலமாரி அது. ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான விருதை ஏற்ற மேடையில் பியான்சே அதை லிண்டா மார்ட்டெலுக்கு அர்ப்பணித்தார். உங்கள் கட்டுரை அந்த விழாவையும், விருதையும், அன்றைய உடையையும்கூட வருணித்தது. பியான்சே பெயர் சொல்லி நன்றி கூறிய ஒருவரை மட்டும் விட்டுவிட்டு, அவர் இடத்தில் பியான்சேயையே நிறுத்தியது.

கட்டுரையாளர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை; மேற்கத்திய இசை பற்றித் தமிழில் அக்கறையோடு எழுதுபவர்கள் சிலரே, அவர்களில் அவர் ஒருவர். ஆகவே கோரிக்கை இரண்டே. அடுத்த ஞாயிறு இணைப்பில், ஆப்ரி மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண் லிண்டா மார்ட்டெல், ஆண்டு 1969 என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மேற்கொண்டு 'கன்ட்ரி' என்பதை நாட்டுப்புறப் பாடல் என்று மொழிபெயர்க்காமல், ஜாஸ், ராக் என்பவற்றைப் போலக் கன்ட்ரி என்றே எழுதுங்கள். திருத்தத்தோடு படம் வெளியிட இடமிருந்தால் சொல்லி அனுப்புங்கள். என்னிடமுள்ள தட்டின் உறையைக் கொண்டுவந்து காட்டுகிறேன். மேல் ஓரம் சற்றுக் கிழிந்திருக்கிறது. முகம் தெளிவாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி